அச்சும் அதுவே, அசலும் அதுவே

பிள்ளையைப் பார்த்து 'அச்சு அசலாக அப்பன் முகம்' என்கிறோம். பேச்சில் சேர்ந்தே வரும் இந்த இரண்டு சொற்களையும், ஓவியம் என்று வந்ததும் பிரித்துவிடுகிறோம். கையால் வரைந்தது அசல், அச்சிட்டது நகல் என்பதே பலருடைய எண்ணம். மரச்செதுக்கு அச்சைக் கையில் கொடுத்தால் முதலில் வரும் கேள்வியும் அதுதான்: 'ஒரே படத்தை இருபது முறை அடித்தால், அதில் எது அசல்?'

நியாயமான கேள்வி. பதில் தெரிய, கட்டைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் இருக்கும் கிளியனூரில், ஊர்ப் பெயரிலேயே ஒரு கிளி இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம். இழைப்புளி போட்டு வழவழப்பாக்கிய பலகையில் கிளியை வரைகிறோம். தாளில் அது வலப்பக்கம் பார்க்க வேண்டுமானால், கட்டையில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். அடியில் ஊர்ப் பெயரைப் போடுவதானால், எழுத்துகளையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்ற வேண்டும். பிறகு உளி. மை படிய வேண்டிய கோடுகளை விட்டுவிட்டு, வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடங்களைத் தோண்டி எடுக்கிறோம். மரத்தின் ரேகையோடு போகும்போது உளி வழுக்கிக்கொண்டு போகும். ரேகைக்குக் குறுக்கே போனால் தடுக்கும், சிலாம்பு கிளம்பும். கிளியின் அலகு போன்ற வளைவில் பாதி ரேகையோடும் பாதி எதிராகவும் போக வேண்டியிருப்பதால், அங்கே கை தானாகவே நிதானப்படும். நுனி பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். அந்தக் கிளிக்கு அலகு குட்டை.

செதுக்கி முடித்ததும் ரோலரால் மையை மெல்லிசாகத் தடவி, மேலே தாளை வைத்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் சீராகத் தேய்க்கிறோம். இயந்திரம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. ஒரு மூலையைப் பிடித்துத் தாளை மெதுவாக உரிக்கும்போதுதான் அந்தப் படம் உலகத்தில் முதன்முதலாகத் தோன்றுகிறது.

கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்க, ஏற்கெனவே ஒரு படம் இருந்தாக வேண்டும். மரச்செதுக்கில் அப்படி எதுவும் இல்லை. வரைந்த கோட்டை மை மூடிவிட்டது. கட்டையில் இருப்பதோ திரும்பிய உருவம். படம் தாளில்தான் பிறக்கிறது. அச்சு வெல்லத்தை நினைத்துப் பாருங்கள். அச்சிலிருந்து தட்டிய ஒவ்வொரு கட்டியும் வெல்லம்தான். அச்சுப் பலகையை யாரும் நக்கிப் பார்ப்பதில்லை. அதுபோல இருபது தாளும் அசல்தான்.

அதனால்தான் கலைஞர்கள் படத்தின் கீழே பென்சிலால் 5/20 என்று எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். மொத்தம் இருபது தாள், இது ஐந்தாவது என்று பொருள். முதல் தாள் உசத்தி, கடைசித் தாள் மட்டம் என்று பொருளல்ல. இருபதுக்கு மேல் அடிக்க மாட்டேன் என்பது பார்ப்பவருக்குக் கலைஞர் தரும் வாக்கு.

அடுத்த குழப்பம், இது தேர்ந்த ஓவியர்களின் வேலையா, பொழுதுபோக்காகச் செய்பவர்களின் வேலையா என்பது. இரண்டையும் பிரிக்கும் கோட்டை இந்தக் கலை ஒருபோதும் அழுத்திப் போட்டதில்லை. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831 வாக்கில் உருவாக்கிய பேரலைப் படம் உலகம் முழுக்கத் தெரியும். அதை வரைந்தவர் அவர். செதுக்கியவர் வேறொருவர், மை தடவி அச்சிட்டவர் இன்னொருவர், பணம் போட்டவர் பதிப்பாளர். 1904-இல் அதே நாட்டின் யமமோட்டோ கனாயே ஒரு மீனவரின் படத்தைத் தானே வரைந்து, செதுக்கி, அச்சிட்டார். மூன்று வேலையையும் ஒரே கை செய்யலாம் என்ற இயக்கம் அங்கே வளர்ந்தது. 1930-இல் உப்புக்காக நடந்த காந்தியைக் கோலூன்றிய உருவமாக ஓவியர் நந்தலால் போஸ், தரைவிரிப்பாகப் பயன்படும் லினோலியத்தில் செதுக்கினார். லினோவுக்கு ரேகை கிடையாது; மற்றபடி முறை இதுவேதான்.

நமக்கும் இது புதிதல்ல. 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் மரச்செதுக்கும் கற்றுத்தரப்பட்டது. அதுதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அந்த நூற்றாண்டில் சென்னையில் அச்சான மலிவு விலைக் கதைப் புத்தகங்களின் படங்களைச் செதுக்கிய பலருடைய பெயர் எங்கும் இல்லை. இன்று கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் அச்சுக்கலைக் கூடம் இருக்கிறது. இத்தகைய கூடங்களில் அழுத்து இயந்திரம் பொது. ஒருவர் முடித்து மையைத் துடைத்துவைத்தால்தான் அடுத்தவர் தொடங்க முடியும். தாளைப் பிடிக்கவே சில சமயம் இன்னொரு கை வேண்டும். பகிர்ந்துகொள்வது இங்கே தொழிலின் ஒரு பகுதி.

இதிலிருந்து வந்த அழகான பழக்கம் அச்சுப் பரிமாற்றம். இருபது பேர் சேர்ந்து, தாளின் அளவை முடிவு செய்துகொள்கிறார்கள். ஆளுக்கொரு கட்டை செதுக்கி இருபது தாள் அடிக்கிறார்கள். எல்லாவற்றையும் கலந்து பிரித்தால் ஒவ்வொருவர் கையிலும் இருபது வெவ்வேறு படங்கள். முப்பது ஆண்டு அனுபவம் உள்ள ஓவியரின் தாளும், போன மாதம் உளி பிடித்த வங்கி ஊழியரின் தாளும் ஒரே உறையில் இருக்கும். எண்ணெய் ஓவியத்தில் இது நடக்காது. இருக்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டால் வரைந்தவருக்கு மிஞ்சாது.

இதைக் கிளியனூரில் தொடங்க என்ன குறை? பக்கத்துப் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைத் தாள் ஆலை 1959 முதல் இருக்கிறது. பருத்தித் துணியில் செய்த தாள் மையை நன்றாக வாங்கும். தச்சுப்பட்டறைகளில் மிஞ்சும் பலகைத் துண்டுகள் உண்டு. செதுக்க விஷயம் வேண்டுமென்றால் பனைமரங்கள் நிற்கின்றன. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரி வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கிறது.

ஓவிய ஆசிரியர்களிடமும் நூலகர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மேசை, நான்கு உளி போதும். பிள்ளைகளுக்கு முதலில் லினோவைக் கொடுங்கள். உளியின் முன்னால் விரல் வைக்கக் கூடாது என்பதை முதல் பாடமாகச் சொல்லுங்கள். ஊர்த் தச்சரையும் அழைத்து உட்காரவையுங்கள். ரேகையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

முதல் கட்டை முடிந்ததும் ஒரே தாளோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு அடியுங்கள். ஒன்று உங்களுக்கு. மற்றது, உளியை இரவல் தந்தவருக்கு.