தேக்கம் எங்கே?

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் நண்பர், தொழில் ஆலோசகரை அழைப்பதா, தனக்கே ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொள்வதா என்று கேட்டார். பேசிய அரை மணி நேரத்தில் கட்டிங் மாஸ்டர் மூன்று முறை வந்து நின்றார். மூன்றுமே மாஸ்டர் தானே முடிவெடுத்திருக்கக்கூடிய விஷயங்கள். மூன்றுக்கும் முதலாளிதான் பதில் சொன்னார். எனக்கு விடை கிடைத்துவிட்டது. துணி வீணாகிறது, சரக்கு தேங்குகிறது என்றால் ஆலோசகர் வேண்டும். கணக்கைப் பார்த்து, மெஷின் பக்கத்தில் நின்று, வழி எழுதித் தருவார். இங்கே தேக்கம் முதலாளியின் மேசையில். அதற்கு எந்த அறிக்கையும் உதவாது; பயிற்சியாளர்தான் வேண்டும்.

2001இல் கூகுளின் தலைமைக்கு வந்த எரிக் ஷ்மிட்டிடம் பயிற்சியாளர் வைத்துக்கொள்ளச் சொன்னவர் முதலீட்டாளர் ஜான் டோர். அனுபவசாலியான எனக்கெதற்கு என்றுதான் ஷ்மிட் முதலில் நினைத்தார். வந்தவர் பில் கேம்பெல். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பயிற்றுவித்து, பிறகு இன்ட்யூட் நிறுவனத்தை நடத்தியவர். தனக்குக் கிடைத்த மிகச் சிறந்த யோசனை அதுவே என்று ஷ்மிட் பின்னாளில் மனம்விட்டுச் சொன்னார்.

நண்பரிடம் ஒன்றுதான் சொன்னேன். அடுத்த முறை மாஸ்டர் வந்து நின்றால், “நீங்க என்ன நினைக்கறீங்க மாஸ்டர்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.