குளிர் மேல பழி போடாதீங்க!



ஜனவரி மாசம் விடியற்காலையில் நம்ம ஊட்டியில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு சத்தம் கேட்கும். 'கிர்ர்... கிர்ர்... டக்!' கொஞ்ச நேரத்தில் இன்னொரு சத்தம்: "தள்ளு, தள்ளு! இன்னும் கொஞ்சம்!" வண்டியைத் தள்ளுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். "பனிங்க தம்பி! பேட்டரி செத்துப் போச்சு" என்பார். பனி வாய் திறந்து பேசாது. அதனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் கட்டிவிடுகிறோம்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏற்கெனவே இளைத்துப்போன பேட்டரியைப் பனி காட்டிக் கொடுக்கிறது. இளைக்க விட்டது நாம்தான். அந்த 'நாம்' என்பதில் நானும் உண்டு என்பதால்தான் இந்தக் கட்டுரை.

என் மாமா டாக்சி ஓட்டுகிறார். வாரம் 2 நாள் ஒரு பெரியவரை டயாலிசிஸுக்காகக் கோயமுத்தூர் அழைத்துப் போவார். விடிகாலை 4.30-க்குக் கிளம்பியாக வேண்டும். ஒரு ஜனவரி காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். புல் மேல் உப்பு தூவியது மாதிரி உறைபனி. அக்கம்பக்கத்து ஆட்களை எழுப்பி, வண்டியை இறக்கம்வரை தள்ளிக் கிளப்புவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. பெரியவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் மாமாவுக்குத் தாங்கவில்லை.

அன்று மாலையே கடன் வாங்கிப் புது பேட்டரி போட்டார். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார். மூன்றே வாரம்! மறுபடியும் அதே 'கிர்ர்... டக்!'

"ஏன் மாப்ளே, நீ ஆட்டோமொபைல்தானே படிக்கிறே? புது பேட்டரியும் ஏன்டா இப்படிப் பண்ணுது?" என்று கேட்டார். என் முகத்தில் ஈயாடவில்லை.

நண்பர்களே, ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி டெஸ்ட் பரிசோதனைக்கு என் ரெக்கார்டு நோட்டில் முழு மதிப்பெண். ஆனால் அதில் இருந்த ரீடிங் எல்லாம் சீனியர் அண்ணன் நோட்டிலிருந்து வந்தவை. அவருக்கு எங்கிருந்து வந்ததோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்! ஹைட்ரோமீட்டரைக் கையில் பிடித்து ஆசிட் எடுத்தவன் இல்லை நான்.

வெட்கத்தோடு லேபில் ஹைட்ரோமீட்டரும் மல்டிமீட்டரும் இரவல் வாங்கிக்கொண்டு மறுநாள் விடியற்காலை போய் நின்றேன். வெப்பநிலை 5 டிகிரி. இரவு முழுக்க ஓடாமல் நின்ற வண்டி. எதையும் ஆன் செய்யாமல் பேட்டரி முனைகளில் அளந்தால் 12.2 வோல்ட். 6 செல்லிலும் ஹைட்ரோமீட்டர் கிட்டத்தட்ட 1.205 காட்டியது.

இங்கேதான் ஒரு விஷயம். நம் ஹைட்ரோமீட்டர் 27 டிகிரிக்கு அளவு குறித்தது. குளிரில் ஆசிட் அடர்த்தியாகிக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். டிகிரிக்கு 0.0007 வீதம் கழிக்க வேண்டும். 22 டிகிரி வித்தியாசத்துக்கு 0.015 போனால் மிச்சம் 1.190. முழு சார்ஜ் என்றால் சுமார் 1.265-ம் 12.6 வோல்ட்டும் இருக்க வேண்டும். 1.190, 12.2 வோல்ட் என்றால் பாதி சார்ஜ்தான்! ஒரு செல் மட்டும் இறங்கியிருந்தால் பேட்டரியில் கோளாறு என்று சொல்லலாம். ஆறும் ஒன்றுபோல இறங்கியிருந்ததால் பேட்டரிக்குச் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம்.

மாமாவை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். வோல்டேஜ் 8.9-க்கு விழுந்தது. அந்தக் குளிரில் 9.3-க்குக் கீழே போகக்கூடாது. தள்ளிக் கிளப்பி, ஹெட்லைட் போட்டு அளந்தால் 13.0 தாண்டவில்லை. வழக்கமாக 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். பானெட்டுக்குள் பார்த்தேன். ஆல்டர்னேட்டர் பெல்ட் கட்டைவிரல் அழுத்தத்துக்கே தொளதொளவென்று ஆடியது. போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை இழுத்து, மறுபடி முறுக்கினோம். 14.2 வந்தது! பேட்டரியைக் கழற்றிக் கடையில் சார்ஜ் போட்டு வந்த பிறகு அந்த ஜனவரி முழுக்க யாரும் வண்டி தள்ளவில்லை.

பழைய பேட்டரி நல்லதா கெட்டதா? இனி யாருக்கும் தெரியாது. அளக்காமலே கொடுத்துவிட்டோம். கடன் மட்டும் மிச்சம்.

அப்படியானால் குளிருக்குப் பங்கே இல்லையா? உண்டு. 1859-ல் பிரான்சின் பிளாண்டே செய்த ஈய-அமில பேட்டரிதான் அடிப்படையில் இன்றும் நம் வண்டியில் இருக்கிறது. அதற்குள் நடப்பது ரசாயன வினை. குளிரில் வினை மந்தமாகும். 0 டிகிரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பலம் குறைந்துவிடும். அதே நேரம் என்ஜின் ஆயில் கெட்டியாகி, செல்ஃப் மோட்டார் அதிகக் கரண்ட் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடுகிற மாசக் கடைசி மாதிரி! கையிருப்பு முழுசாக இருக்கிறவன் சமாளிப்பான். பாதி இருக்கிறவன் மாட்டிக்கொள்வான்.

லடாக் பக்கம் இது இன்னும் கடுமை. சார்ஜ் இறங்கிய பேட்டரியில் ஆசிட் தண்ணீர் போலாகிவிடும். மைனஸ் 10 டிகிரி வாக்கில் உறைந்து பெட்டியே வெடிப்பு விடலாம். முழு சார்ஜில் இருப்பது மைனஸ் 50-லும் உறையாது. அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது சார்ஜைத்தான்.

இன்னொன்று. பேட்டரியின் ஆயுளைத் தின்பதில் குளிரைவிட வெயில்தான் மோசம். மே மாசம் சமவெளியில் ஓடும்போது பானெட்டுக்குள் இருக்கும் சூட்டில் தண்ணீர் வற்றுகிறது, தகடுகளின் ஈயச்சட்டம் அரிக்கிறது. மே மாசக் கடனை வசூலிக்க ஜனவரி வாசலில் வந்து நிற்கிறது. நம்ம மலையில் இன்னொரு தொல்லை, குட்டி குட்டி ட்ரிப். மூடுபனிக்கு லைட், வைப்பர், ப்ளோயர் எல்லாம் ஓடும். ஸ்டாண்டிலிருந்து போட் ஹவுஸ் போய் வருவதற்குள் செல்ஃப் எடுத்த கரண்ட் திரும்பி ஏறாது.

ஆகவே என் கருத்து இதுதான். பேட்டரியை இறந்த பிறகு பார்க்காதீர்கள், மாதம் ஒருமுறை பாருங்கள். இரவு நின்ற வண்டியில் வோல்டேஜ், செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ், ஓடும்போது வோல்டேஜ். இந்த மூன்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நாள் எண்ணைவிட அது மாதாமாதம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் சேதி சொல்லும். மூடி திறக்கிற பேட்டரி என்றால் தகடு மூழ்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விடுங்கள், ஆசிட் வேண்டாம். சீல் வைத்த பேட்டரியின் பச்சைக் கண்ணை முழுசாக நம்பாதீர்கள். அது ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது, மற்ற ஐந்தின் கதை அதற்குத் தெரியாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஹைட்ரஜன் வரும் இடம், தீப்பொறி ஆகாது.

கடைசியாக நம் யூனியனுக்கு ஒரு வேண்டுகோள். ரத்ததான முகாம் நடத்துகிறோம், பாராட்டுகிறேன். அதுபோல ஒவ்வொரு நவம்பரிலும், உறைபனி தொடங்கும் முன், டாக்சி ஸ்டாண்டில் ஒரு நாள் இலவச பேட்டரி பரிசோதனை நடத்தினால் என்ன? லேபில் தூசி படிந்த ஹைட்ரோமீட்டர்கள் வெளியே வரட்டும். அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுத முடியாத ரீடிங் நமக்கும் கிடைக்கும்.

யாரோ ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்சீட்டில் காத்திருக்கிறார். ரெக்கார்டு நோட்டில் நாம் எழுதும் பொய் எண் ஒருநாள் அவர் வண்டியில் போய் நிற்கும். ஆகவே நண்பர்களே, அளந்துவிட்டு எழுதுவோம்!