முகாம் முடிந்த பிறகு

ஸ்திரீகளின் ஆரோக்கியத்தை உத்தேசித்து நடத்தப்படும் ஒரு தர்ம ஸ்தாபனத்திலே தர்மகர்த்தா என்ற பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்களுக்குப் பங்குனி பிறந்ததும் மனத்தில் ஒரு கவலை குடிபுகுந்துவிடும். மார்ச் 31ஆம் தேதியோடு வருஷக் கணக்கு முடிகிறது. ஆடிட்டர் ரசீதுகளைக் கேட்கிறார். நன்கொடை அளித்த கம்பெனிகள் எத்தனை முகாம் நடந்தது, எத்தனை பெண்கள் வந்தார்கள், புகைப்படங்கள் எங்கே என்று கேட்கின்றன. பிறர் பணத்தை வாங்கிச் செலவிடுகிறவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களே. ஆகையால் இக்கேள்விகளைக் குறைகூற எனக்கு எண்ணமில்லை. ஆனால் அந்தப் படிவங்களில் எங்கும் இடம்பெறாத வேறொரு கேள்வி உண்டு. பரிசோதனையில் நோய்க்குறி தென்பட்ட பெண்கள் எத்தனை பேர், அவர்களில் சிகிச்சையைக் கடைசிவரை முடித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதே அது. தர்மகர்த்தாவின் வேலை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருப்பதாக நான் நினைக்கிறேன்.

நாங்கள் வேலை செய்வது திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிமலை அடிவாரத்துக் கிராமங்களில். ஸ்தாபனம் சிறியது. முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருமுன் கண்டறிந்து தடுப்பதே அதன் பிரதான காரியம். புற்றுநோய்களுள் இந்த அளவுக்கு மனிதனுக்கு அவகாசம் கொடுப்பவை சிலவே. ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்னும் கிருமி இதற்குக் காரணம் என்பதை நிலைநாட்டியதற்காகத்தான் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹாவ்ஸனுக்கு 2008ஆம் வருஷத்து நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இக்கிருமி பெரும்பாலான பெண்களின் உடம்பிலிருந்து தானாகவே நீங்கிவிடுகிறது. சிலரிடத்தில் மட்டும் நீங்காமல் தங்கி, உயிரணுக்களை மெல்ல மெல்ல மாற்றி, சாதாரணமாகப் பதினைந்து இருபது வருஷங்கள் கழித்தே புற்றுநோயாக முற்றுகிறது. அந்த நீண்ட இடைவெளியில் எப்போது பார்த்தாலும் நிவர்த்தி செய்துவிடலாம். பார்க்கும் முறையோ மிகச் சுலபமானது. பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், வினிகரில் இருக்கிற அதே அமிலத்தை நீர்த்த நிலையில் பஞ்சில் தோய்த்துக் கர்ப்பப்பையின் வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கிறாள். மாறுதல் உள்ள இடம் வெள்ளையாக வெளிறித் தெரிகிறது. ஆய்வுக்கூடம் வேண்டாம், முடிவுக்காக நாட்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம்.

இந்த எளிய முறையின் வல்லமையை உலகத்துக்கு எடுத்துக்காட்டியது எங்கள் மாவட்டமே என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள சமூக சுகாதார மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், பிரான்ஸ் தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2000ஆம் வருஷத்தில் இங்கே ஓர் ஆய்வைத் தொடங்கின. 114 கிராமத் தொகுதிகளை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் இருந்த பெண்களை மட்டும் இவ்விதம் பரிசோதிக்க அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். 2007இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பாதியில் இந்நோய் வருவது நூற்றுக்கு 25 வீதமும், இதனால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 வீதமும் குறைந்திருந்தன. விவசாயக் கூலிப் பெண்கள் மிகுந்த கிராமங்களில், நர்ஸுகளின் கைகளாலேயே சாதிக்கப்பட்ட பலன் இது.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் அமிலத்தையும் பஞ்சையும் நினைவில் வைத்துக்கொண்டு, அதன் உயிர்நாடியான ஓர் ஏற்பாட்டை மறந்துவிடுகிறார்கள். அங்கே வெள்ளைத் திட்டு தென்பட்ட பெண்ணிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று அனுப்பிவிடவில்லை. அன்றைக்கே, அந்த இடத்திலேயே, உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, வேண்டியபோது சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, குளிர்வித்து அழிக்கும் சிகிச்சைக்குத் தகுதியானவர்களுக்கு அதையும் நர்ஸுகளே செய்துவிட்டார்கள். பார்த்தலும் தீர்த்தலும் ஒரே வருகையில் முடிந்தன. எஞ்சிய சிலரை மட்டுமே மேற்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மரணம் குறைந்ததற்கு இந்த ஏற்பாடும் காரணம். வெறுமனே பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் போதாது என்று உணர்ந்து நடத்தப்பட்ட ஆய்வு அது.

இன்று ஊர்தோறும் நடக்கும் முகாம்களில் இந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் இருப்பதில்லை. பந்தல் போட்டு, பேனர் கட்டி, விசேஷ விருந்தினரை அழைத்து, இருநூறு பெண்களைப் பார்த்துவிட்டு, மாலையில் கலைந்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், முருங்கைத் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகும் ஓர் அம்மாளை நான் சந்தித்தபோது, அவர் தம்முடைய தகரப் பெட்டியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். சில வருஷங்களுக்கு முன் யாரோ நடத்திய முகாமில் கொடுத்தது அது. மேல் பரிசோதனை தேவை என்று அதில் எழுதியிருந்தது.

“மதுரைக்குப் போங்கன்னாங்க, டீச்சர். மதுரையில எங்க போறது, யாரைப் பாக்குறதுன்னு ஒண்ணும் சொல்லலை. எனக்கு வலியும் இல்லை. வலி இல்லாததுக்கு எதுக்கு ஆசுபத்திரின்னு வீட்டுக்காரரு கேட்டாரு. களையெடுப்பு நேரம் வேற. அப்படியே விட்டுட்டேங்க” என்றார்.

அவர் அதைச் சொன்னபோது ரத்தப்போக்கு ஆரம்பித்திருந்தது. அந்தச் சீட்டு கொடுக்கப்பட்ட காலத்தில் ஒரு கால்மணி நேரச் சிகிச்சையோடு தீர்ந்திருக்கக்கூடிய விஷயம், இப்போது ஐந்து வாரக் கதிரியக்கச் சிகிச்சையாக வளர்ந்துவிட்டது. அந்தச் சிகிச்சை எப்படிப்பட்டது என்பதை நன்கொடையாளர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் சுமார் இருபத்தைந்து முறை இயந்திரத்தின் கீழ்ப் படுக்க வேண்டும். வாரந்தோறும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு உள்ளே வைத்துச் செலுத்தும் கதிர்வீச்சு வேறு. அரசு ஆஸ்பத்திரியிலும் முதலமைச்சர் காப்பீட்டிலும் வைத்தியச் செலவு பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதில் நம் ராஜ்யம் பல ராஜ்யங்களைவிட மேலான நிலையில் இருக்கிறது. ஆனால் தினந்தோறும் பஸ்ஸில் போய்வர முடியாதவள் ஐந்து வாரம் எங்கே தங்குவாள்? இழந்த கூலியை யார் தருவார்கள்? துணைக்கு வரும் மகளின் கூலியும் அல்லவா போகிறது? வீட்டில் இருக்கிற வெள்ளாடுகளை யார் மேய்ப்பார்கள்? இவற்றுக்கு விடை கிடைக்காத பெண் பத்தாவது முறையோடு நின்றுவிடுகிறாள். நடுவிலே நிறுத்திய கதிரியக்கத்தினால் உடம்பு வாடினதுதான் மிச்சம், நோய் போவதில்லை. எங்கள் களப்பணிப் பெண் ஒருத்தி அந்த அம்மாளோடு மதுரையில் கூடவே இருந்து, ஓ.பி. சீட்டு எழுதும் வரிசையிலிருந்து காப்பீட்டு அறை வரையில் எல்லா இடத்துக்கும் அழைத்துப் போய், சிகிச்சையை முடித்து ஊருக்குக் கூட்டிவந்தாள்.

கணக்குப் புத்தகத்தில் இந்தச் செலவு என்னவென்று எழுதப்படுகிறது தெரியுமா? ‘பிரயாணம், சம்பளம், இதரம்’ என்று. நன்கொடையாளர்கள் குறைக்கச் சொல்லும் இனங்களும் இவைதாம். கருவி வாங்கினால் அதன்மேல் பெயர் பொறிக்கலாம்; கட்டடம் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம்; முகாம் நடத்தினால் படம் எடுக்கலாம். ஒரு களப்பணியாளரின் மாதச் சம்பளத்தில் யாருடைய பெயரையும் பொறிக்க முடிவதில்லை. வெளிநாட்டு நன்கொடையைப் பற்றிய சட்டமும் 2020இல் திருத்தப்பட்டபோது, நிர்வாகச் செலவுக்கு அதுவரை இருந்த 50 சதவீத எல்லையை 20 சதவீதமாகக் குறைத்துவிட்டது. ஆடம்பரத்தைத் தடுக்கும் உத்தேசம் நல்லதே. ஆயினும் நோயாளியின் கையைப் பிடித்து அழைத்துப் போகிறவளின் ஊதியத்தை எந்த இனத்தில் எழுதுவது என்று ஒவ்வொரு வருஷமும் ஆடிட்டரோடு உட்கார்ந்து ஆலோசிக்க வேண்டியிருக்கிறது.

சில காலத்துக்கு முன் ஒரு தொழில் நிறுவனம் எங்களுக்குப் பெருந்தொகை ஒன்றைத் தர முன்வந்தது. மார்ச் மாதத்துக்குள் நாற்பது முகாம்கள் நடத்த வேண்டும். சம்பளத்துக்கும் பிற்பாடு ஆகும் செலவுக்கும் அதில் ஒரு பைசாவும் எடுக்கக்கூடாது என்பது நிபந்தனை. எங்கள் குழுவில் பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மிகுந்த சிரத்தையும் நேர்மையும் உடையவர், அதை ஏற்கவே வேண்டும் என்றார். இத்தனை ஆயிரம் பெண்களில் ஒருத்திக்காவது நோய் இருப்பது தெரிந்து அவள் சுயமாக வைத்தியம் தேடிக்கொண்டால் அதுவே புண்ணியம் அல்லவா என்பது அவருடைய வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல அது. இருந்தாலும் நான் இணங்கவில்லை. உனக்கு ஆபத்து இருக்கிறது என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறவர்கள், அவளுக்கு அறிவைக் கொடுத்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் பயத்தைத்தான் கொடுக்கிறார்கள். அந்தப் பயம் அடுத்த முகாமுக்கும் அவளை வரவிடாமல் செய்கிறது. அவளைப் பார்த்து அவளுடைய தங்கையும் கொழுந்தியாளும் வராமல் நின்றுவிடுகிறார்கள். பத்து முகாம்களோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தை உடனடிச் சிகிச்சைக்கும் பின்தொடர்ந்து பார்ப்பதற்கும் அனுமதிக்க வேண்டும் என்று நாங்கள் பதில் எழுதினோம். அவர்கள் சம்மதிக்கவில்லை, பணம் வேறிடம் போயிற்று. அன்று எடுத்த முடிவு சரியென்றே இன்றும் எண்ணுகிறேன்.

1882ஆம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்காக எழுதப்பட்டதே என்றாலும், தர்ம ஸ்தாபனங்களின் பொறுப்பாளர்களையும் அதன் கோட்பாடுகளைக் கொண்டே எடைபோடுகிறார்கள். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தச் சொத்தை எவ்வளவு ஜாக்கிரதையாகக் கையாளுவாரோ அவ்வளவு ஜாக்கிரதையோடு டிரஸ்டின் சொத்தைக் கையாள வேண்டும் என்கிறது அது. தம் சொந்த மகளைப் பரிசோதித்து, நோய்க்குறி கண்டு, வைத்தியத்துக்கு மட்டும் பணம் ஒதுக்காதிருப்பாரா எந்த விவேகியும்? வருமானவரிச் சட்டமும் இவ்விஷயத்தில் குறுக்கே நிற்பதில்லை. வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த வருஷமே செலவிட வேண்டும் என்று அது விதித்தாலும், இன்ன காரியத்துக்கு என்று முறையாக எழுதிக் கொடுத்தால் ஐந்து வருஷம் வரையில் சேர்த்துவைக்க இடம் கொடுக்கிறது. நோயைத் தொடர்ந்து கவனிப்பதற்கான நிதி ஒன்றை இந்த ஏற்பாட்டின்கீழ் நாங்கள் தனியே வைத்திருக்கிறோம். அதைத் தொட்டு வேறெதற்கும் செலவிடக்கூடாது என்று தீர்மானமும் இருக்கிறது.

இந்தச் சந்தர்ப்பத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் மனத்தில் பல வருஷம் கனன்று, இந்திய மாதர் சங்கத்தின் மூலமாகத் திரட்டிய நிதியைக் கொண்டு, 1954இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரியாக உருவெடுத்தது. அடுத்த வருஷம் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் காலமாகும் வரையில் அதையே தம் வாழ்க்கையாகக் கொண்டார். புற்றுநோய் என்றால் மரணம் என்று வைத்தியர்களே நம்பியிருந்த காலத்தில், வசதியற்றவர்களுக்கும் முழுச் சிகிச்சை உண்டு என்று அந்தப் பெண்மணிகள் பிடிவாதமாக நின்றார்கள். அவர்கள் நிதி திரட்டியது நோயைக் கண்டு சொல்வதற்காக மாத்திரம் அல்ல.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, தமிழ்நாட்டில் முப்பதிலிருந்து நாற்பத்தொன்பது வயதுள்ள பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்று காட்டுகிறது. இந்தியா முழுமைக்கும் பார்த்தால் இரண்டு பேர்கூட இல்லை. உலக சுகாதார ஸ்தாபனமோ, 2030க்குள் நூற்றுக்கு எழுபது பெண்கள் முப்பத்தைந்து வயதுக்குள் ஒரு முறையும், நாற்பத்தைந்துக்குள் மறுமுறையும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்கிறது. அதே மூச்சில், நோய் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சிகிச்சை பெற வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் இலக்கு எல்லார் வாயிலும் புழங்குகிறது. இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் அருகிவிட்டார்கள். 2022இல் புனேயின் சீரம் நிறுவனத்துத் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்த பிறகு, பெண் குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிட்டால் போதும் என்று சொல்லும் அன்பர்களும் இருக்கிறார்கள். ஊசி அவசியம் போடத்தான் வேண்டும். ஆனால் அது இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும் சிறுமியைக் காப்பாற்றும், அவளை அனுப்பிவைக்கும் தாயைக் காப்பாற்றாது.

புகைப்படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, மாமியாருக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, முகாமின் திரைக்குப் பின்னால் வந்து படுக்கிற பெண்ணின் முகத்தைப் பிரசுரிக்க யாருக்கும் உரிமை இல்லை. எங்கள் அறிக்கைகளில் பெண்களின் முகம் இராது என்று முடிவு செய்திருக்கிறோம். இதனால் இழந்த நன்கொடையும் உண்டு, இழந்ததற்காக வருந்தவில்லை.

இந்தச் சித்திரையில் நடக்கப்போகும் கூட்டத்தில், காலியாக உள்ள தர்மகர்த்தா ஸ்தானத்துக்கு யாரை நியமிப்பது என்பது முதல் விஷயமாக வருகிறது. ஒரு டாக்டரைச் சேர்க்கலாம், ஒரு வக்கீலைச் சேர்க்கலாம் என்ற அபிப்பிராயங்கள் இருக்கின்றன. நான் முன்மொழிய இருப்பது முருங்கைத் தோட்டத்து அம்மாளை. ஐந்து வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கழித்தவருக்கு, நிதி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அவரும் முதலில் தயங்கி, மினிட்டு புத்தகத்தை யாராவது வாசித்துக் காட்டுவதாக இருந்தால் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். கூட்டம் வழக்கம்போல் பகல் பதினொரு மணிக்கு வேண்டாம், கூலி வேலை முடிந்து அவர் வரத்தக்கபடி மாலை ஆறு மணிக்கு வைக்க வேண்டும் என்று செயலாளருக்கு எழுதியிருக்கிறேன்.