41 வருஷம் லேட்டாக வந்த ஹிட்!

ரீல்ஸ் பார்க்கிற பழக்கம் இருந்தால் இந்தக் குரல் உங்கள் காதில் விழுந்திருக்கும். மொழி புரியாது, ஆனால் விரலைத் தள்ளவும் மனசு வராது. பாட்டின் பெயர் ‘மயோனகா நோ டோவா’. ‘நள்ளிரவின் கதவு’ என்று அர்த்தம். ‘ஸ்டே வித் மீ’ என்று ஓர் ஆங்கில வாலும் உண்டு. பாடியவர் மிக்கி மட்சுபரா.

எனக்கு ஒரு பழக்கம். பாட்டு பிடித்துவிட்டால், பாடியவர் இப்போது என்ன செய்கிறார் என்று தேடிவிடுவேன். பழைய பாட்டு, திடீர் புகழ்... ‘இதெல்லாம் நடக்கும்னு நினைக்கவே இல்லை’ என்று ஒரு பேட்டியாவது கொடுத்திருப்பார் என்று நம்பித்தான் தேடினேன். அப்படி ஒரு பேட்டி கிடையாது. மிக்கி 2004 அக்டோபர் 7-ம் தேதியே இறந்துவிட்டார்.

ஒசாகாவைச் சேர்ந்தவர். 1979 நவம்பரில் இந்தப் பாட்டுடன் அறிமுகமானபோது வயது 19. இசை டெட்சுஜி ஹயாஷி, வரிகள் யோஷிகோ மியுரா. பிரிந்துபோன காதலனை மறக்க முடியாத ஒரு பெண்ணின் புலம்பல்தான், ஆனால் கேட்டால் அழுகை வராது, ஆடத்தான் தோன்றும். கையில் காசு புரண்ட அன்றைய ஜப்பானின் நகரத்து இளைஞர்கள் காரிலும், அந்த வருஷம்தான் சந்தைக்கு வந்திருந்த வாக்மேனிலும் கேட்ட இந்த வகை இசைக்கு ‘சிட்டி பாப்’ என்று பெயர்.

அப்போது ஓரளவு ஓடிய பாட்டுதான். ஜப்பானின் ஓரிகான் தரவரிசையில் 28-வது இடம் வரை போனது, அவ்வளவே. பிறகு ஆல்பங்கள் வந்தன, ‘கண்டம்’ அனிமே தொடர் ஒன்றுக்குப் பாடினார், மற்றவர்களுக்குப் பாட்டுகள் எழுதிக் கொடுத்தார். 2000-களின் தொடக்கத்தில் இசையை விட்டே விலகினார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இறக்கும்போது வயது 44.

2020 கடைசியில் இந்தோனேசிய யூடியூப் பாடகி ரைனிச் இந்தப் பாட்டைத் தன் குரலில் பாடி வெளியிட்டார். டிக்டாக்கும் பிடித்துக்கொண்டது. (நம் ஊரில் டிக்டாக்கைத் தடை செய்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நாம் கொஞ்சம் லேட்!) அந்த டிசம்பரில் ஸ்பாட்டிஃபையின் உலக வைரல் பட்டியலில் முதல் இடம். இசைத்தட்டைக்கூட மறுபடி அச்சிட்டார்கள்.

பாட்டைத் தேடிப் பிடித்துக் கொடுத்த அல்காரிதத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால், ஒரு நிமிட வீடியோவில் குரல் மட்டும்தான் வருகிறது. அதைப் பாடிய பெண் இப்போது இல்லை என்பது, கேட்கிற பலருக்கும் தெரியாது. நானே மாதக்கணக்கில் தெரியாமல்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிக்டாக்கில் இந்தப் பாட்டுக்கு ஒரு டிரெண்ட் வந்தது. ஜப்பானிய அம்மாக்கள் வீட்டில் ஏதோ வேலையாக இருப்பார்கள். பிள்ளைகள் சத்தமில்லாமல் கேமராவை ஆன் செய்துவிட்டுப் பாட்டைப் போடுவார்கள். சில அம்மாக்கள் முதலில் திகைக்கிறார்கள். ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்பதுபோல் ஒரு பார்வை. அடுத்து ஒரு வரி தப்பாமல் கூடவே பாடுகிறார்கள், சிலர் ஆடவும் செய்கிறார்கள். அநேகமாக மிக்கியின் தலைமுறைப் பெண்கள்தான். தேடிப் பாருங்கள், அந்த வீடியோக்கள் இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.