எலியின் பாதத்தை ஒரே ஒரு முறை அளந்தால் போதுமா?

கொசு கடித்தால் சில நிமிடங்களில் தோல் தடித்துவிடுகிறது. கால் சுளுக்கினால் சாயங்காலத்துக்குள் செருப்புக்குள் பாதம் நுழைவதில்லை. இரண்டுமே வீக்கம்தான். ஆனால் கொசுக்கடித் தடிப்புக்குக் கேட்கும் மாத்திரை சுளுக்குக்குக் கேட்காது. ஏன்? மருந்தியல் படிக்கும் எங்களைப் போன்ற மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு வெள்ளை எலியின் பின்னங்கால்.

1962-ல் வின்டர், ரிஸ்லி, நஸ் ஆகிய மூவர் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். சிவப்புக் கடற்பாசியில் இருந்து எடுக்கும் கராஜீனன் என்ற பொருளின் 1 விழுக்காடு கரைசலை எலியின் பாதத்தில் மிகச் சிறிய அளவு ஊசி மூலம் செலுத்த வேண்டும். (ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்கச் சேர்க்கிறார்களே, அதே பொருள்தான்!) பாதம் வீங்கும். அதை பிளெதிஸ்மோமீட்டர் என்ற கருவியின் திரவத்தில் முக்கி, எவ்வளவு திரவம் விலகுகிறது என்று அளப்பார்கள். இன்றும் பல ஆய்வகங்களில் இந்த முறை இருக்கிறது.

சரி, பாதம் ஏன் வீங்குகிறது? நுண்சிரைகளின் உள்சுவரில் உள்ள செல்கள் சுருங்கி இடைவெளி விடுகின்றன. அதன் வழியே புரதம் கலந்த பிளாஸ்மா திசுவுக்குள் கசிகிறது. அவ்வளவுதான். ஆனால் "இடைவெளி விடு" என்று உத்தரவு போடுவது யார் என்பதுதான் சுவாரசியமான கேள்வி.

1971-ல் டி ரோசா, ஜிரூ, வில்லபி ஆகியோர் இதற்கு விடை சொன்னார்கள். இது ஒரு தொடர் ஓட்டம். ஏறக்குறைய முதல் ஒன்றரை மணி நேரம் ஹிஸ்டமினும் செரோட்டோனினும் ஓடுகின்றன. அடுத்து இரண்டரை மணி நேரம் வரை பிராடிகைனின். அதன் பிறகு ஆறு மணி நேரம் வரை புராஸ்டகிளாண்டின்கள். ஆஸ்பிரின் இந்தப் புராஸ்டகிளாண்டின் உற்பத்தியைத்தான் தடுக்கிறது என்று ஜான் வேன் கண்டுபிடித்ததும் அதே 1971-ல்தான். 1982-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. புராஸ்டகிளாண்டினை மட்டும் தனியாகச் செலுத்தினால் பெரிய வீக்கம் வராது. அது இரத்தக் குழாயை விரித்து இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. ஓட்டை போடுவது ஹிஸ்டமினும் பிராடிகைனினும். ஓட்டைக் குழாயில் மோட்டாரைப் போட்டுவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் நடக்கிறது. வில்லியம்ஸும் மார்லியும் 1973-ல் இதை எடுத்துச் சொன்னார்கள். கொசுக்கடிக்கு ஆன்டிஹிஸ்டமினும் சுளுக்குக்கு வலி மாத்திரையும் கேட்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். ஏதோ ஒரு இலைச்சாற்றைக் கொடுத்து, மூன்றாம் மணி நேரத்தில் ஒரே ஒரு முறை அளந்து, "வீக்கம் இத்தனை விழுக்காடு குறைந்தது, ஆகவே இது அழற்சி நீக்கி" என்று முடிக்கும் ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதல் மணியில் குறைந்ததா, நான்காம் மணியில் குறைந்ததா என்று பார்த்தால் அல்லவா அந்தச் சாறு எந்தத் தூதுவனை மடக்குகிறது என்று ஊகிக்கவாவது முடியும்?

இன்னொன்று. வீக்கம் குறைந்தாலே அது அழற்சி நீக்கி ஆகிவிடாது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தும் பாதத்துக்கு வரும் இரத்தத்தைக் குறைத்து வீக்கத்தைக் குறைக்கலாம். வயிற்றறைக்குள் எரிச்சலூட்டும் சாற்றை ஊசியாகப் போட்டால், அந்த எரிச்சலே பாத வீக்கத்தை அடக்கிவிடுவதும் உண்டு. மேலும், எலியின் மாஸ்ட் செல்களில் செரோட்டோனின் நிறைய இருக்கிறது. மனிதனின் வீக்கத்தில் அதற்கு அவ்வளவு பங்கு கிடையாது. எலிக்குக் கேட்டதெல்லாம் நமக்கும் கேட்கும் என்று எப்படிச் சொல்வது?

குழுவுக்கு 6 எலி, 4 குழு என்றால் 24 எலிகள். அவற்றுக்கு வலி மருந்து கொடுக்க முடியாது, கொடுத்தால் அளவு கெட்டுவிடும். அதாவது அத்தனை எலிகளும் வலியைத் தாங்கித்தான் நமக்கு விடை சொல்கின்றன. விலங்குச் சோதனையில் எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை, முடிந்தால் மாற்று வழி தேடு என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-லேயே எழுதிவிட்டார்கள்.

விலங்குச் சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிராடிகைனினும் புராஸ்டகிளாண்டினும் எந்த நேரத்தில் வேலை செய்கின்றன என்பதை நமக்குக் காட்டியதே அந்தப் பாதம்தான். ஆனால் ஏற்கனவே வலிக்கும் பாதத்தை மணிக்கு ஒரு முறை என்று ஆறு முறை அளக்க நமக்குப் பொறுமை இல்லையென்றால், ஊசியைக் கையில் எடுக்காமல் இருப்பதே நல்லது. என்ன சொல்கிறீர்கள்?