எட்டுத் தலைமுறை கண்ட இல்லம்

வீட்டைக் கட்டுதல் அரிது. கட்டிய வீட்டைக் காத்தல் அதனினும் அரிது. இதற்குச் சான்றாக அமெரிக்க நாட்டின் பாஸ்டன் மாநகருக்கு அருகே, டெடம் என்னும் சிற்றூரில் ஒரு மர வீடு நிற்கிறது. அதனைக் குறித்து இத்திங்கள் சிறிது சிந்திப்போம்.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியினின்று கடல் கடந்து சென்ற ஜானத்தன் பேர்பாங்க்ஸ், தம் மனைவி கிரேசுக்கும் மக்களுக்குமாக எழுப்பிய இல்லம் அது. உத்திரங்களின் மர வளையங்களை ஆராய்ந்தோர், அது 1637-க்கும் 1641-க்கும் இடையே கட்டப்பட்டது என்கின்றனர். வட அமெரிக்காவில் எஞ்சியுள்ள மரச்சட்ட வீடுகளுள் மிகப் பழையது அதுவே எனக் கருதப்படுகிறது.

அரண்மனை அழகு அதற்கில்லை. ஓக் மரத் தூண்களையும் உத்திரங்களையும் செதுக்கி, ஒன்றன் முனையை மற்றொன்றின் துளையில் செருகி, மர ஆணியால் இறுக்கினர். இடைவெளிகளில் வரிச்சு கட்டிக் களிமண் பூசினர். புறத்தே பலகை அடித்தனர். நடுவே பெரியதொரு செங்கல் புகைபோக்கி. அதன் இருபுறமும் அறைகள். கடுங்குளிரில் குடும்பத்தாரை ஒன்றுகூட்டியவை அங்குள்ள கணப்படுப்புகளே.

பின்வந்த தலைமுறையினர் புறக்கடையில் சாய்ப்பு இறக்கினர்; பக்கங்களில் அறைகளைச் சேர்த்தனர். தேவை பெருகியபோதும் பழையதை இடித்துத் தள்ளவில்லை. கூரை முகடு இன்று தொய்ந்து காணப்படினும் முன்னோர் நாட்டிய சட்டம் அதனைத் தாங்கியே நிற்கிறது.

சோதனை எட்டாம் தலைமுறையில் வந்தது. மணமாகாது தனித்து வாழ்ந்த ரெபேக்கா அம்மையார், பணமுடையால் வீட்டை விற்க நேர்ந்தது. 1904-ல் அவர் வெளியேறியபின் அங்குக் குடியிருப்போர் இலர். ஆனால், பல ஊர்களில் சிதறி வாழ்ந்த ஜானத்தன் வழித்தோன்றல்கள் குடும்பச் சங்கம் ஒன்றை நிறுவியிருந்தனர். அச்சங்கமே அவ்வாண்டில் வீட்டை வாங்கிப் பொதுமக்கள் காணத் திறந்து வைத்தது. இன்றளவும் அதனைப் பேணி வருவது அச்சங்கமே.

இங்குதான் நாம் கருத்தூன்ற வேண்டும். அவ்வீட்டில் அவர்களுள் எவரும் குடியேறப் போவதில்லை. விற்றுப் பணமாக்கிப் பங்கிடவும் எண்ணவில்லை. ஆயினும் பொருள் திரட்டினர். ஏனெனில், பங்கு போட இயலாத உடைமையும் குடும்பத்திற்கு உண்டு என அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நம் இல்லங்களில் பாகப்பிரிவினை வரும்போது, ஓர் ஓட்டு வீட்டின் பொருட்டு உடன்பிறந்தோர் பேச்சற்றுப் போவதைக் காண்கிறோம். எல்லாப் பழைய வீட்டையும் காத்தல் எவர்க்கும் இயலாது. ஆயின் வீட்டை விற்கும் நாளிலும் உறவை விற்காதிருத்தல் நம் கையில் உள்ளது. உறவு நிலைத்திருந்தமையால் அன்றோ டெடம் வீடும் நிலைத்தது!