நின்று நின்று போன இஞ்சின்



போன மாதம் ரயருக்குக் காற்றுப் பார்ப்பது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு சகோதரி, "ஓடேக்க நல்லாய் ஓடுது அக்கா, நிப்பாட்டினால் நடுங்கி நிண்டுபோகுது, என்ன செய்யிறது?" என்று கேட்டிருந்தார். இதே வருத்தம் என் காருக்கும் வந்தது. என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையே இம்முறை சொல்கிறேன்.

என்னுடையது பழைய மாருதி 800. மூன்று சிலிண்டர், காபரேற்றர் உள்ள வண்டி. 2009 இற்குப் பிறகு பிள்ளைகளோடு தனித்து நின்ற எனக்கு, நகையை விற்றும் குழுக்கடன் எடுத்தும் வாங்கிய அந்தக் கார்தான் சோறு போடுகிறது. பரந்தன் பக்கமிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கும், சில நாட்களில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கும் நோயாளரை ஏற்றிப் போவேன்.

ஒருநாள் காலை கிளினிக்குக்குப் போகும் ஒரு அம்மாவையும் அவருடைய பேத்தியையும் ஏற்றிக்கொண்டு, காவலாளி இல்லாத ஒரு ரயில் கடவையால் போனேன். தண்டவாளத்தில் ஏற வேகத்தைக் குறைத்தேன். இஞ்சின் இரண்டு தரம் குலுங்கி நின்றுவிட்டது. முன்சில்லு தண்டவாளத்துக்கு அப்பால், பின்சில்லு இப்பால். ரயில் எதுவும் வரவில்லை. ஆனால் கை நடுங்கியது. இருவரையும் இறக்கித் தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, முதலாம் கியரில் போட்டு, கிளச்சை மிதிக்காமல் திறப்பைத் திருப்பினேன். ஸ்ராட்டர் மோட்டாரே வண்டியை இழுத்து அப்பால் விட்டது. கையால் கியர் போடும் பல பழைய வண்டிகளில் இப்படிச் செய்யலாம். கிளச்சை மிதித்தால் மட்டுமே ஸ்ரார்ட் ஆகும் வண்டிகளில் முடியாது. எதுவானாலும், முதலில் ஆட்களை இறக்கிவிடுங்கள்.

அன்று பின்னேரம் கராஜுக்குப் போனேன். ஐடிலைக் கூட்டிவிட்டார்கள். இரண்டு நாளில் திரும்பவும் நின்றது. "அக்கா, இஞ்சின் தேய்ஞ்சு போச்சு. இறக்கித்தான் செய்யவேணும். ஒண்டரை இலட்சம் வரும்" என்றார் தம்பி. அந்தக் கிழமை கடன் தவணை கட்டவேண்டும். வீட்டுக்கு வந்து படுத்தால் நித்திரை வரவில்லை.

அப்போதுதான் பெரியப்பாவின் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்தில் அவரிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 வாடகைக் கார் இருந்தது. 1990 இற்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில்தான் ஓடும். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்றபடியால், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பெற்றோல் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்பது சிறுமியான என் வேலை. கார் நின்றால் அவர் உடனே எதையும் கழற்றமாட்டார். "பிள்ளை, எப்ப நிக்குது எண்டு முதல்ல பார். பிறகு ஸ்பானரை எடு" என்பார்.

நானும் ஒரு கொப்பியில் மூன்று நாள் எழுதினேன். குளிரிலும் நிற்கிறது, சூட்டிலும் நிற்கிறது. அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் மட்டுமே நிற்கிறது. நாலு பேரோடு வேகமாகப் போகும்போது இழுவையில் குறையில்லை. நீலப் புகை இல்லை, ஒயில் குறையவில்லை. இதை வாசித்ததும் ஒரு கேள்வி வந்தது. இஞ்சின் தேய்ந்திருந்தால் இழுவையும் அல்லவா குறையவேண்டும்?

சகோதரிகளே, இஞ்சினுக்கு மூன்று வேண்டும்: சரியான அளவு காற்று, சரியான அளவு பெற்றோல், சரியான நேரத்தில் நெருப்புப் பொறி. ஏறக்குறைய 15 கிலோ காற்றுக்கு 1 கிலோ பெற்றோல் என்பது கணக்கு. சும்மா நிற்கும்போது என் இஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 900 சுற்றுச் சுற்றும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். மூன்றுக்குமாக நிமிடத்துக்கு 1,350 வெடிப்பு. இதில் சில தவறினாலே நடுக்கம் வரும்.

முதலில் பொறியைப் பார்த்தேன். இஞ்சின் ஆறியபிறகு மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தேன். கறுத்துக் கரிபிடித்திருந்தால் பெற்றோல் கூட. ஒயிலில் நனைந்திருந்தால் இஞ்சினுக்குள் ஒயில் ஏறுகிறது. வெளிறி வெள்ளையாக இருந்தால் காற்றுக் கூட அல்லது பெற்றோல் குறைவு. வெளிர் மண்ணிறம் என்றால் நல்லது. என்னுடையதில் இரண்டு மண்ணிறம், மூன்றாவது மட்டும் வெள்ளை.

அடுத்தது பெற்றோல். 2022 தட்டுப்பாட்டு நேரம் கானிலும் போத்தலிலும் வாங்கி ஊற்றியதால் ஊத்தை அடைத்திருக்குமோ என்று சந்தேகித்தேன். ஐடிலுக்குப் பெற்றோல் விடும் சின்ன வால்வு ஒன்று என் காபரேற்றரில் உண்டு. திறப்பைப் போட்டதும் அது "டிக்" என்று சத்தம் போடவேண்டும். போட்டது. அது பழுதென்றால், கால் எடுத்ததும் வண்டி நின்றுவிடும்.

பிறகு எயார் பில்ரரைக் கழற்றிவிட்டு, இஞ்சின் ஓடும்போது காபரேற்றரின் வாயைக் கையால் பாதி மூடினேன். இஞ்சின் இன்னும் மோசமானால் பெற்றோல் ஏற்கனவே கூட என்று அர்த்தம். என்னுடையது நடுக்கம் குறைந்து சீராக ஓடியது. ஆகவே காற்றுத்தான் கூடப் போகிறது, அல்லது பெற்றோல் குறைவாக வருகிறது.

வேண்டாத காற்று எங்கிருந்து வரும்? காபரேற்றருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் உள்ள கஸ்கெற், அங்கே பொருத்திய இறப்பர் குழாய்கள். சும்மா நிற்கும்போது காபரேற்றரின் கதவு அநேகமாக மூடியிருக்கும். இஞ்சின் பலமாக உறிஞ்சும். போகும் காற்றோ கொஞ்சம். அந்த நேரம் சின்ன ஓட்டையால் போகும் காற்றும் பெரிய பங்காகிவிடும். வேகமாக ஓடும்போது கதவு திறந்து நிறையக் காற்றுப் போவதால் அதே ஓட்டை ஒன்றும் செய்யாது. என் கொப்பியில் எழுதியிருந்ததும் இதுதான்!

ஒரு முழ இறப்பர் குழாயை எடுத்து, ஒரு நுனியைக் காதில் வைத்து மறு நுனியால் தேடினேன். மூன்றாம் சிலிண்டர்ப் பக்கம் "ஸ்ஸ்" என்று கேட்டது. பூக்கண்டுக்குத் தெளிக்கும் போத்தலால் அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். இஞ்சின் சத்தம் மாறியது. கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால், முழங்கைபோல வளைந்த ஒரு சின்னக் குழாய், சூட்டில் காய்ந்து அடிப்பக்கம் வெடித்திருந்தது. விரலால் பொத்தினேன். நடுக்கம் நின்றது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

புதுக் குழாய்த் துண்டும் கிளிப்பும் வாங்க, ஒரு கிலோ அரிசி வாங்கும் காசுதான் போனது. போட்டதும் இஞ்சின் இரைந்தது. ஏனென்றால் கராஜில் ஐடிலைக் கூட்டியிருந்தார்கள். அதைத் திரும்பக் குறைத்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை இப்படி நிற்கவில்லை.

மறுநாள் கராஜ் தம்பியிடம் வெடித்த குழாயைக் காட்டினேன். "அடிப்பக்கத்தை நான் பாக்கேல்லை அக்கா" என்றார். பொய் சொல்லவில்லை, அவசரப்பட்டிருக்கிறார். இப்போதும் அவரிடம்தான் போகிறேன். ஆனால் பெரிய செலவு சொன்னால் மூன்று கேள்வி கேட்பேன்: என்ன சோதித்தீர்கள்? என்ன தெரிந்தது? இதைவிடச் சின்னக் காரணம் ஏதும் இருக்க முடியாதா? இஞ்சின் தேய்ந்தது என்றால், இறக்க முதல் கொம்பிரெஷன் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

காபரேற்றர் இல்லாத புது வண்டிகளிலும் குழாய் வெடிப்பது உண்டு. அதோடு திரொட்டில் பொடியில் கரி படிவது, ஐடில் வால்வு இறுகுவது என்பனவும் பார்க்கவேண்டியவை. இஞ்சின் விளக்கு எரிந்தால், ஸ்கானர் உள்ள இடத்தில் முதலில் வாசித்துப் பாருங்கள். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதற்குப் போகும் குழாயையும் மறவாதீர்கள்.

ஓடும் இஞ்சினில் கை வைக்குமுன் பின்னலைக் கட்டுங்கள். சேலைத் தலைப்பை, துப்பட்டாவைச் செருகுங்கள். சங்கிலியைக் கழற்றுங்கள். விசிறியும் பெல்ற்றும் யாருக்கும் இரக்கம் காட்டாது. வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். புகைக் குழாயால் வரும் நச்சு வாயுவுக்கு மணமில்லை. ஓட்டை தேடப் பெற்றோல் தெளிக்கவே கூடாது. பிளக் வயர்களில் தண்ணீர் படவிடாதீர்கள்.

இரும்பு வேலை ஆம்பிளையளின் வேலை என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அன்று எனக்குத் தேவைப்பட்டது ஒரு கொப்பி, ஒரு குழாய்த் துண்டு, பூக்கண்டுப் போத்தல். உங்கள் வீட்டிலும் இவை இருக்கும்.

அடுத்த மாதம் பற்றரி பற்றி எழுதுகிறேன். உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள்.